காயத்துக்குப் பேசிய பேரம்

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் இருப்பது என் இடுப்பு என்கிறார்கள். நம்புவதற்கு எனக்கு ஒரு ஆதாரமும் இல்லை. முதுகில் ஊசி போட்டதும் கால்கள் இரண்டும் முதலில் சூடாகி, பிறகு கனத்து, பிறகு என்னை விட்டே போய்விட்டன. வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, முன்னாலும் பின்னாலும் முட்டுக் கொடுத்து, இடது கையை ஒரு தாங்கியில் நீட்டி வைத்து, நடுவில் திரையைக் கட்டிவிட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நானும் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் மெர்லினும். அந்தப் பக்கம் டாக்டர் ஆதிநாராயணனும், அவருடைய உதவி டாக்டரும், நர்சுகளும், தேய்ந்துபோன என் இடது இடுப்பு மூட்டும். "தூக்கத்துக்கு ஒரு மருந்து தரட்டாம்மா? ஒண்ணும் தெரியாம முடிஞ்சிரும், கேட்டீங்களா" என்று மெர்லின் கேட்டாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், பேச்சு பாட்டு மாதிரி இழுக்கிறது. எனக்கு வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டேன். ஈரோட்டில் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருப்பவள் நான். துணியில் கத்தரி வைக்கிறபோது கண்ணை மூடிக்கொண்டு இருந்த பழக்கம் எனக்கு இல்லை. கடைப்பையன் முழம் போடும்போது கூட நுனியை விட்டு என் பார்வை நகராது, அப்படி இருக்கும்போது என் சொந்தத் தோலை வெட்டுகிற இடத்தில் குறட்டை விட்டுக்கொண்டு படுத்திருப்பேனா? பார்க்கத்தான் விடவில்லை, கேட்கவாவது செய்கிறேன். ஏதோ தீய்கிற வாசம் வருகிறது. அது நான்தான் என்று புரிய ஒரு நிமிசம் ஆயிற்று. புரிந்ததும் மூக்கை வேறு பக்கம் திருப்பலாம் என்று பார்த்தால் திருப்புவதற்கு வேறு பக்கம் இல்லை.

எலும்பை அறுத்த ரம்பம் ஓய்ந்து சுத்தியல் ஆரம்பித்தது. இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. வலி துளியும் இல்லை, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு மேசையோடு சேர்ந்து நகர்கிறது, பல்லோடு பல் தட்டுகிறது. தொடை எலும்புக்குள்ளே தண்டு இறக்குகிறார்கள் என்று மெர்லின் காதருகே சொன்னாள். தண்டு, அதன் தலையில் குண்டு, குண்டு உட்கார ஒரு கிண்ணம். ஆப்பரேஷனுக்கு நாள் குறிக்கப் போனபோது டாக்டர் ஆதிநாராயணன் தன் அறையில் பிளாஸ்டிக் மூட்டு ஒன்றைக் கையில் வைத்துத் திருகித் திருகிக் காட்டியிருந்தார். "சின்னக் காயத்துல பண்றதுன்னு ஒரு முறை இருக்குங்கம்மா. தசையை அதிகம் அறுக்காம, விலக்கிட்டு உள்ள போறது. ஆரம்பத்துல வலி கம்மியா இருக்கும், கொஞ்சம் சீக்கிரம் எந்திரிக்கலாம். ஆனா எனக்கு உள்ள பாக்குற வழியும் சின்னதாயிடும். எலும்புல கீறல் விழலாம். நரம்பு இழுபடலாம். கிண்ணம் கோணலா உக்காந்துட்டா பின்னால மூட்டு நழுவலாம். ஒரு கால் நெட்டையா ஒரு கால் குட்டையா போகலாம். ரத்தம் கட்டுறதும் சீழ் பிடிக்கிறதும் காயம் சின்னதானாலும் வரும், பெருசானாலும் வரும்." நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாயம் போகுமா, ஜரிகை கறுக்குமா என்று வருகிறவர்கள் கேட்டால் நாங்களும் கொஞ்சம் சொல்லித்தான் வைப்போம், எல்லாம் ஒரு பேச்சுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அவர் முடித்ததும் என் பங்குக்கு ஆரம்பித்தேன். "செரிங்க டாக்டர். எத்தனை இஞ்ச்சுங்க?" "நாலரை, அஞ்சு. தேவைப்பட்டா உள்ள போனப்புறம் பெருசு பண்ணுவேன்." "மூணுல முடிச்சுப்போடுங்க." அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்க வீட்டுக்காரர் சென்னியப்பன் முழங்கையால் இடித்தார். "ஏம்புள்ள, இதென்ன சேலையா?" "நீங்க சும்மா இருங்க மாமா."

சும்மா விடவில்லை நான். எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் இறக்கினேன். கோயமுத்தூரில் இரண்டே முக்காலில் பண்ணுகிறார்களாமே என்று ஒரு பொய் சொன்னேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பாதி எழுந்தேன், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு பாதி எழுவது எத்தனை கஷ்டம் என்று பார்க்காமல். "உங்க உடம்புவாகுக்கு மூணுல கஷ்டம்மா" என்றார். "தேடி வந்தவங்களைத் திருப்பி அனுப்பாதீங்க" என்றேன். கடைசியில் மனுசர் இளகினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி, மூணரை. முயற்சி பண்றேன்" என்றார். எங்கள் கடையில் விற்கிறவர் 'பாக்கலாம்' என்றால் முடிந்தது, அதற்கப்புறம் சேலையை மடித்துப் பையில் போடுவதுதான் பாக்கி. மூணரை என்பது என் காதில் விழுந்தது, முயற்சி என்பது விழவில்லை. "பேச்சு மாறக் கூடாதுங்க" என்றேன். அவர் சிரித்தபடி தலையாட்டினார். படியில் நொண்டி நொண்டி இறங்கும்போதும் ஜெயித்த சந்தோஷம் எனக்கு. இன்று காலையில் பேனாவால் தொடையில் கோடு போட்டுவிட்டு அவர் திரும்பியதும், நர்ஸ் பார்க்காத நேரத்தில் விரலை வைத்து அளந்து பார்த்தேன். சொன்ன சொல் தப்பவில்லை. நல்ல மனுசர் என்று நினைத்தேன். நல்ல மனுசராக இருப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

ஆனால் நான் விளையாட்டுக்குப் பேரம் பேசவில்லை. இந்தச் சுத்தியல் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அக்காவின் காயம்தான் தெரிகிறது, கண்ணை மூடினால் இன்னும் நன்றாகத் தெரிகிறது. என் துளசிமணி அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, வேறொரு ஊரில், வேறொரு ஆஸ்பத்திரியில், இதே இடுப்பில் ஆப்பரேஷன் பண்ணிக்கொண்டாள். இடுப்பிலிருந்து தொடை பாதி வரைக்கும் ஒரே வெட்டு. தையலை எண்ணப் போய் பாதியில் விட்டுவிட்டேன். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆட்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து போனார்கள். பிறகு தையலில் ஒரு ஓரம் சிவந்தது. பிறகு கசிந்தது. பிறகு வாசம் வந்தது. ஆட்கள் வருவது நின்றது. நான்தான் தினமும் போய்க் கட்டுப் பிரித்துத் துடைத்தேன். எனக்கு அக்கா என்றால் உயிர், அம்மாவைவிட ஒரு படி மேலே. "மூக்கைப் பொத்திக்க கண்ணு" என்பாள், அவளுக்கு இருந்த வெட்கம் அப்படி. நான் பொத்திக்கொள்ள மாட்டேன். பொத்திக்கொண்டால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று வாயால் மூச்சு விடுவேன். ஆடி மாசக் காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் போய்விட்டாள். இதையெல்லாம் நான் சொன்னபோது டாக்டர் ஆதிநாராயணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அவங்களுக்குச் சர்க்கரை இருந்துச்சாம்மா?" "இருந்துச்சுங்க. நெறைய." "அப்ப அதைக் காயத்தோட நீளத்துல மட்டும் போடாதீங்க" என்றார். போடாமல் வேறு எதில் போடுவது? சர்க்கரையை நான் கண்ணால் பார்க்கவில்லை. காயத்தைப் பார்த்தேன். அதன் ஒவ்வொரு அங்குலத்தையும் துடைத்தவள் நான். அங்குலம் குறைந்தால் சாவும் குறையும் என்று ஒரு கணக்கு என் மனதில் எப்படியோ உட்கார்ந்துவிட்டது, யார் வந்து எழுப்பினாலும் எழுந்திருக்காத கணக்கு.

சத்தம் மாறிவிட்டது. நல்ல தேங்காயைத் தட்டினால் ஒரு சத்தம், கீறல் விட்ட காயைத் தட்டினால் ஒரு சத்தம். இதுவரை அடிக்க அடிக்க ஏறிக்கொண்டே வந்தது, இப்போது ஒரு அடி சப்பென்று விழுந்தது. அதற்கப்புறம் அடியே இல்லை. "நிறுத்து, நிறுத்து" என்றது டாக்டர் ஆதிநாராயணன் குரல். அதுவரை அந்தப் பக்கம் ஏதோ கிரிக்கெட் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. என் இதயத்தின் சத்தம் மட்டும் பெட்டியில் பீப் பீப் என்று போய்க்கொண்டிருந்தது, எல்லோர் முன்னாலும் அது என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டு வேகமாயிற்று. "கீறல் விட்டிருக்கு போல சார்" என்றான் உதவி டாக்டர். "தெரியுது. கீழ எது வரைக்கும் போயிருக்கு?" "இதுல தெரியல சார்." "லைட்ட இப்படித் திருப்பு. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடி." "இதுக்கு மேல இழுத்தா ஓரம் கிழிஞ்சிரும் சார். பெருசு பண்ணிடலாமே?" ஏதோ ஒரு கருவியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு டாக்டர் சொன்னார், "இரு. பாக்கலாம்."

மெர்லின் என் நெற்றியில் கை வைத்தாள். கையுறைக்குள்ளும் சூடாக இருந்தது. "என்னாச்சுங் டாக்டரம்மா?" "ஒண்ணும் இல்லம்மா. பாத்துட்டு இருக்காங்க." ஒண்ணும் இல்லாத இடத்தில் யாராவது பார்த்துக்கொண்டு இருப்பார்களா? பயம் எனக்கு எப்போதும் வயிற்றில்தான் வரும், இன்றைக்கு வயிறும் மரத்துக் கிடப்பதால் நேராகத் தொண்டைக்கு வந்துவிட்டது. பெருசு பண்ணிடலாமே என்கிறான் அந்தப் பையன். பண்ணக் கூடாது, பண்ணினால் அக்கா. பண்ணாவிட்டால் கீறல். கீறல் எது வரைக்கும் என்று தெரியாமலே மறுபடி அடித்தால்? எலும்பு பிளந்தால்? பிளக்காமலே அப்படியே மூடிவிட்டு, நான் ஊன்றுகிற அன்றைக்கு உள்ளே இற்றுப்போனால்? அப்போது மறுபடி வெட்டுவார்கள், பெரிதாகத்தான் வெட்டுவார்கள், அப்போதும் அக்கா. எந்தப் பக்கம் திரும்பினாலும் அக்காதான் கட்டிலில் படுத்திருக்கிறாள். சின்னதாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அவர் கெட்டிக்காரர், எத்தனை பேருக்குப் பண்ணியிருப்பார், பார்த்துவிடுவார். பார்க்கத்தானே முடியவில்லை என்கிறார்கள். வழி சின்னதாயிடும் என்று அன்றைக்கே சொன்னாரே. சொன்னார், நான் அதைச் சாயம் போகுமா என்கிற பேச்சோடு சேர்த்துவிட்டேன். அந்தப் 'பாக்கலாம்'தான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் 'பாக்கலாம்' எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். மனசில்லாமல் ஒத்துக்கொண்டவர்கள் சொல்கிற சொல்.

மஸ்தான் பாய் அப்படித்தான் சொன்னார். எங்கள் கடைக்குப் பக்கத்தில் தைக்கிறவர். என் மகன் நவநீதனின் கல்யாணத்துக்கு எனக்கு ஒரு பட்டு ரவிக்கை, துணி கொஞ்சம் பற்றாது. ஒரு மீட்டர் வேணும்க்கா என்றார். இதுலயே பண்ணுங்க பாய், உங்களால ஆகாததா என்றேன். அவர் துணியை இப்படி வைத்துப் பார்த்தார், அப்படி வைத்துப் பார்த்தார், பாக்கலாம்க்கா என்றார். பண்ணியும் கொடுத்தார். கல்யாணத்தன்று காலையில் போட்டுக்கொண்டு வந்தவர்களைக் கும்பிடக் கையைத் தூக்கினால் கை தோளுக்கு மேல் போகவில்லை. சம்பந்தி வீட்டார் அத்தனை பேரையும் மார்புக்கு நேராகக் கும்பிட்டுத் தீர்த்தேன், ரொம்ப அடக்கமான அம்மா என்று பேர் வேறு வாங்கினேன். அப்புறம் பாயிடம் சண்டைக்குப் போனபோது அவர் கோபிக்கவில்லை. "நீங்க அவ்வளவு கறாரா சொல்லிட்டீங்கக்கா. அதுக்கு மேல துணி கேக்க எனக்கு வாய் வரல" என்றார். வாய் வரவில்லையாம். முப்பது வருசமாகத் தைக்கிற மனுசருக்கு. அன்றைக்கு அதை ஒரு வேடிக்கையாக வீட்டில் சொல்லிச் சிரித்தேன், எங்க வீட்டுக்காரர் கூட, உன்கிட்ட யாருக்குத்தான் வாய் வரும் என்றார். இப்போது அந்தப் பேச்சு முள்ளாகக் குத்துகிறது. டாக்டருக்குமா வாய் வராது? படித்தவர், கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார், தேவைப்பட்டால் பெருசு பண்ணுவேன் என்று அந்தத் தாளில் அச்சடித்தே இருக்கிறது. வராமலா இருக்கும். ஆனால் அவர் கண்ணாடியைத் துடைத்த விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆள் இளகுகிற நேரம் எனக்குத் தெரியும், அதை வைத்துத்தான் நான் பிழைத்ததே. இளகின மனுசர் சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பார்ப்பார். என் எலும்பை விட்டுவிட்டு எனக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால்? அப்படி இல்லாமலும் இருக்கலாம். நான் நினைப்பது அத்தனையும் தப்பாக இருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வர எனக்குக் கால் இல்லை, வாய்தான் இருக்கிறது.

வாயைத் திறந்தால் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. திறந்துவிட்டால் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது. அக்கா, மன்னித்துக்கொள். உன் காயத்தைத் துடைத்த கையோடு உன் காயத்தையே நான் கேட்டு வாங்கப் போகிறேன். "இன்னொரு தடவ லைட்ட..." என்று அந்தப் பக்கம் குரல் வந்தது. "ஏனுங் டாக்டர்!" என்று கூப்பிட்டேன். கடையில் மாடியில் இருக்கிற பையனைக் கூப்பிடுகிற குரல் அது, அந்தக் குளிர்ந்த அறைக்கு ஆகாத குரல். ஏதோ ஒரு தட்டு கலகலத்தது. மெர்லின், "அம்மா, அம்மா, மெதுவா" என்றாள். எனக்கு மெதுவாகப் பேச வரவில்லை. "நான் பேசுன பேச்சை உட்டுப்போடுங்க. மூணரையும் வேண்டாம், நாலரையும் வேண்டாம். உங்களுக்கு எத்தனை வேணுமோ அத்தனை வெட்டிப்போடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டனுங்க."

பெட்டி மட்டும் பீப் பீப் என்றது. பிறகு டாக்டர் ஆதிநாராயணன், "நீங்க சொல்லலைன்னாலும் வெட்டத்தான்மா போறேன்" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டார், நான் கேட்டேன். பெரிய மூச்சு, ரொம்ப நேரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு. அது உண்மையா, எனக்குத் தோன்றியதா என்று யாரிடமும் கேட்க முடியாது. "பிளேடு" என்றார். அவ்வளவுதான். என்னை வெட்டினார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு துணியைக் கிழித்தால் கூடச் சத்தம் வரும், இதற்குச் சத்தம் கூட இல்லை. தீய்கிற வாசம் மறுபடி வந்தது. எது வரைக்கும் போகிறது, பாதித் தொடைக்கா, அதையும் தாண்டியா என்று மனசு அளக்கப் பார்த்தது. வேண்டாம் என்றேன் அதற்கு. கேட்கிற மனசா அது. என் தொடையில் அக்காவின் வெட்டை வரைந்து வரைந்து பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ரொம்பப் பயமாக இருந்தது. என்ன வித்தியாசம் என்றால், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது, இப்போது சும்மா பயந்துகொண்டு கிடக்க முடிந்தது. "தெரியுது சார், இங்க நின்னுருச்சு" என்றான் உதவி டாக்டர். "கம்பி குடு. சுத்திடலாம். இன்னொண்ணு." குரல்கள் இப்போது தடையில்லாமல் வந்தன. கம்பியை முறுக்குகிற சத்தம் வந்தது. அப்புறம் சுத்தியல், மெல்ல மெல்ல, ஒவ்வொரு அடிக்கும் நின்று பார்த்து. ஏறிக்கொண்டே போயிற்று சத்தம். சப்பென்று விழவில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, திரைக்கு மேலே ஒரு தொப்பியும் முகமூடியும் நடுவில் இரண்டு கண்ணும் எட்டிப் பார்த்தன. "சம்பூரணம்மா, முடியப்போகுது. எலும்புல மேல் பக்கம் ஒரு கீறல் விட்டிருந்துச்சு. கம்பி போட்டுக் கட்டிட்டேன். தண்டு கெட்டியா உக்காந்திருக்கு. காயம் பெருசாயிருச்சு, அதைத் தினமும் நான் வந்து பாக்குறேன். சர்க்கரை உங்களுக்கு இல்ல, அது ஒரு நல்ல விஷயம். ஆனா ஆறு வாரத்துக்கு இந்தக் காலை முழுசா ஊனக் கூடாது. வாக்கர்தான்." நான் அழுது முடித்திருந்தேன், நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பழகின வாய் தானாகப் பேசியது. "நாலு வாரத்துல ஆகாதுங்களா டாக்டர்?"

"ஆகாதும்மா. ஆறு."

"அஞ்சுங்க? கடையில தீபாவளிக் கூட்டம் வந்துருமுங்க."

"ஆறு."

அந்தக் கண்களைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. எங்கேயாவது கொஞ்சம் இளகுகிறதா என்று, கடையில் எத்தனையோ முகங்களில் தேடின மாதிரி, ஓரம் ஓரமாகத் தேடிப் பார்த்தேன். ஒரு நாள் கூட இறங்கி வர மாட்டார் இந்த மனுசர். எனக்கு மறுபடி அழுகை பொத்துக்கொண்டு வந்தது, நெஞ்சில் இருந்த பாரம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. "வலிக்குதாம்மா? மருந்து ஏத்தட்டா?" என்று மெர்லின் குனிந்து கேட்டாள்.

"இல்லீங்க" என்றேன். "நல்ல டாக்டருங்க."